காய்ச்சல் நாட்கள் யாருக்கு?

பிரிந்து வாழும் தாய் தகப்பனுக்காக எழுதப்படும் குழந்தைப் பொறுப்பு உத்தரவில் முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் பெரியவர்களுடையவை. எந்த வருடம் கல்யாணம், எந்த மண்டபத்தில், யார் யாரை எப்போது விட்டுப் போனது, மனுதாரர் என்ன சொல்கிறார், எதிர்மனுதாரர் எதை மறுக்கிறார், எந்தத் தீர்ப்பு இந்த வழக்குக்குப் பொருந்தும். குழந்தை கடைசிப் பக்கத்தில்தான் வரும். யாரிடம் இருக்க வேண்டும், மற்றவர் எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை எங்கே வைத்துப் பார்க்கலாம், தீபாவளி யாருக்கு, பொங்கல் யாருக்கு, கோடை விடுமுறையில் முதல் பாதி யாருக்கு. அதோடு கையெழுத்து, முத்திரை.

நான் வக்கீல் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறேன், பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள். அதனால் தெருவுக்கு ஆங்கிலத்தில் வரும் காகிதமெல்லாம் என் வாசலுக்கு வந்துதான் வீடு சேரும். வங்கி நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் கடிதம், கோர்ட் உத்தரவு. கீழ்நிலை நீதிமன்றங்கள் தமிழிலேயே தீர்ப்பு எழுதலாம். ஆனால் என்னிடம் வருபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வக்கீல் சொல்லியிருப்பார், இருந்தாலும் இன்னொரு வாயால் கேட்க வேண்டும் என்று வருகிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “டீச்சர், ஜெயிச்சிட்டனா, இல்லியா?”

இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. சட்டம் குழந்தை வளர்ப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஒன்று கஸ்டடி. குழந்தை யாருடன் தூங்கி எழுகிறது என்பது. போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும் இதே சொல்தான் என்பதை என்னால் ஒருநாளும் மறக்க முடிவதில்லை. இன்னொன்று காப்பாளர் நிலை, கார்டியன்ஷிப். குழந்தையின் சொத்துக்கு, படிப்புக்கு, அறுவை சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடலாம் என்பது. கஸ்டடி கையின் வேலை, காப்பாளர் நிலை கையெழுத்தின் அதிகாரம். ஒருத்திக்குக் கஸ்டடி கிடைத்து, கையெழுத்து அவரிடமே இருந்துவிட்டால் அவள் ஜெயித்தாளா, தோற்றாளா?

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்கிறது: தகப்பன், அவருக்குப் பின் தாய். அதே மூச்சில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாய்ப்பால், ஆய் கழுவல், இரவு விழிப்பு உள்ள வருடங்களில் கை வேண்டும், கையெழுத்து வேண்டாம். இங்கே ஒரு பயத்தையும் நீக்கிவிட வேண்டும். ஐந்து முடிந்ததும் குழந்தை தானாகவே தகப்பனுக்குப் போய்விடும் என்று பல பெண்கள் நம்புகிறார்கள், நம்பவைக்கப்படுகிறார்கள். அப்படி இல்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது.

அந்த “அவருக்குப் பின்” என்ற சொல்லோடு ஒரு பெண் உச்ச நீதிமன்றம்வரை போனார். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984 டிசம்பரில் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, தானே காப்பாளராகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். கணவருக்கும் அதில் சம்மதம். தகப்பனின் கையெழுத்தைக் கொண்டு வா, இல்லையென்றால் நீதான் காப்பாளர் என்று சான்றிதழ் கொண்டு வா என்றது வங்கி. தீர்ப்பு வந்தது 1999 பிப்ரவரியில். “பின்” என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் குழந்தையைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தாலோ, ஊரில் இல்லாமல் இருந்தாலோ, இருவரும் பேசி ஒப்புக்கொண்டாலோகூட அவர் “இல்லாத” நிலைதான், அப்போது தாய் காப்பாளர் ஆகலாம் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு, பலருக்கு உதவியிருக்கிறது. ஆனாலும் தாய் தாயாக இருப்பதால் அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தகப்பன் இல்லாமல் போவதால் கிடைக்கிறது. இருவரையும் சமமான காப்பாளராக்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 2015இல் 257ஆம் அறிக்கையைக் கொடுத்தது. 6ஆம் பிரிவில் அந்தச் சொல் இன்னும் அப்படியே நிற்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் “தகப்பன்” மட்டும்தான் இருந்தார். பக்கத்தில் “அல்லது தாய்” என்று சேர்க்க 2010 ஆயிற்று. இரண்டு சொல் சேர்க்க நூற்றிருபது வருடம்.

எங்கள் ஊரில் இது யாருக்கும் விசித்திரமாகப் படாது. காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துப் போக மூன்று நாடா வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆளுக்குத் தனிக்கூலி கணக்கில் வருவது அபூர்வம். பெண்டாட்டி தார் சுற்றுவாள், பாவில் அறுந்த இழையைத் தேடி முடிவாள், கரை நாடாவையும் தள்ளுவாள். சங்கத்து உறுப்பினர் அட்டையிலும் கூலிப் புத்தகத்திலும் இருப்பது அவன் பெயர். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்ததாக இருந்தால் சேலை முதலாளியுடையது. நெய்தவனுக்கே அது சொந்தமில்லை எனும்போது தார் சுற்றியவளைப் பற்றி என்ன பேச.

இந்தக் கணக்குத்தான் பிள்ளைகள் விஷயத்திலும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். மானிடவியலாளர் லீலா துபே 1980களில் எழுதிய ஒரு கட்டுரையில் விதை, நிலம் என்ற பழைய உருவகத்தைப் பிரித்துப் பார்த்தார். ஆண் விதை போடுகிறான், பெண் நிலம். விளைச்சல் விதைக்குச் சொந்தம். நிலத்துக்கு விளைச்சலில் உரிமை எங்கே வந்தது? எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் பட்டும் ஜரிகையும் அவனுடையவை, கூலி நெசவு அவளுடையது.

இதற்கு நாம் கொடுக்கும் வழக்கமான பதிலில்தான் எனக்கு ஒரு நெருடல். உழைத்தவளுக்கே உரிமை என்கிறோம். பத்து மாதம் சுமந்தேன், ஒன்பது வருடம் வளர்த்தேன், எனவே பிள்ளை என்னுடையது. கேட்கும்போது நியாயமாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால், நாமும் பிள்ளையைச் சேலையாக்கிவிட்டோம் என்று தெரிகிறது. யார் பட்டு கொடுத்தது என்பதற்குப் பதிலாக யார் நெய்தது என்று கேட்கிறோமே தவிர, யாரோ ஒருவருக்குச் சொந்தமான சரக்கு அது என்பதை மாற்றவில்லை. சரி, உழைப்பால் உரிமை வராது என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொன்னால் அந்த ஒன்பது வருடமும் காற்றில் போகும். கூலியும் இல்லை, பெயரும் இல்லை, இப்போது வாயைத் திறக்கும் நியாயமும் இல்லை. இரண்டு பக்கமும் எனக்கு ஒப்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கு எனக்கு உதவுகிறது. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஊர். 1912இல் அந்த மாவட்ட நீதிமன்றத்தில் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த நாராயணய்யா, அன்னி பெசன்ட் மேல் ஒரு வழக்குப் போட்டார். தன் இரண்டு மகன்களைத் திருப்பித் தர வேண்டும் என்று. மூத்தவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, இளையவர் நித்யானந்தா. தாய் 1905லேயே இறந்துவிட்டார். 1910இல் தகப்பனே எழுதிக் கொடுத்து பெசன்டைக் காப்பாளராக்கியிருந்தார். பையன்கள் வழக்கின்போது இங்கிலாந்தில். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913இல் தகப்பன் பக்கம் தீர்ப்பானது, மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார். 1914 மே மாதம் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தலைகீழாக்கியது. பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கவே இல்லை, எனவே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இரண்டு பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளும் விஷயம் இதுவல்ல, அந்தப் பையன்களின் நலனையும் விருப்பத்தையும் யாரும் சரியாகக் கேட்கவில்லை என்றது கவுன்சில். மூத்தவருக்கு அப்போது வயது பத்தொன்பதை நெருங்கியிருந்தது.

ஒரு பெண் ஜெயித்த வழக்கு என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பெசன்டும் அந்தப் பையனை ஒன்றாக ஆக்க நினைத்தவர்தான், உலகத்துக்கே ஆசானாக. தகப்பனுக்கு வம்சம் வேண்டும், பெசன்டுக்கு அவதாரம் வேண்டும். இருவரும் சொன்னது ஒரே சொல்: பிள்ளைகளின் நலன். அந்த இரண்டு பையன்களுக்குக் காய்ச்சல் வந்தபோது விழித்திருந்த பெண் ஏழு வருடம் முன்பே போய்விட்டாள். அவள் பெயரை வழக்கில் யாரும் தேடவில்லை.

ஊர்க்காரர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. காமாட்சி கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவில் குமரகோட்டம். அம்மா வீடு, அப்பா வீடு, நடுவில் பிள்ளை. ஊரே ஒரு சோமாஸ்கந்தம் என்பார்கள். கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்துச் சோமாஸ்கந்தப் புடைப்புகளைப் பார்க்கலாம், சிவனும் உமையும், அவர்களோடு குழந்தையும் ஒரே பீடத்தில். ஆனால் ஊரின் அமைப்பில் மூவருக்கும் தனித்தனி வாசல். இங்கே சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது, எல்லாருக்கும் ஒரே அம்மன் காமாட்சி, அவள் தன் வீட்டில் இருக்கிறாள். (தனியாக இருக்கும் அம்மனுக்குத் தேர் இழுக்கும் இதே தெருவில்தான் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது.) எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது வாசல். பிள்ளைக்கு ஒரு கோட்டம் இருக்கிறது. அவன் இந்த வீட்டுச் சொத்தும் இல்லை, அந்த வீட்டுச் சொத்தும் இல்லை.

குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1973லேயே ரோசி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. இன்னொன்றும் அதில் உண்டு, நான் எல்லோரிடமும் சொல்வது: குழந்தைப் பொறுப்பு உத்தரவு எதுவுமே நிரந்தரம் இல்லை. நிலைமை மாறினால் மனுப் போட்டு மாற்றக் கேட்கலாம். ஜெயிச்சேனா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நலன் என்ற சொல் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடுமா? 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு எதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது என்று படித்தால் தெரியும். குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளராக வருபவரின் குணம், தகுதி, உறவு நெருக்கம். விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பம். “குணம்” என்ற இடத்தில் ஒரு பெண்ணின் செல்போன் வருகிறது, வேலையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்பது வருகிறது. “தகுதி” என்ற இடத்தில் அவருடைய சொந்த வீடும் அவளுடைய வாடகை அறையும் வருகின்றன. அவர் பள்ளிக் கட்டண ரசீதுகளை வரிசையாக நம்பர் போட்டுத் தாக்கல் செய்கிறார். சோறு ஊட்டியதற்கு ரசீது ஏது? அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம் தடுப்பூசி அட்டையைத் தொலைக்காதே, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுகளைத் தூக்கிப் போடாதே, பள்ளியில் டீச்சர் கூப்பிட்டுவிட்ட நாளெல்லாம் யார் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவை என்கிறேன். குழந்தையின் விருப்பத்தைக் கேட்பது நல்லதுதான். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணை நீதிபதியின் அறையில் உட்கார வைத்து அம்மாவா அப்பாவா என்று கேட்டால் ஒருவரைக் காட்டிக் கொடுக்கச் சொல்வதாகத்தான் அவளுக்குப் படும். உன் நாள் எப்படிப் போகிறது, ராத்திரி பயந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்கிற நீதிபதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

அந்த நோட்டை எழுதச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் படித்த உத்தரவுகளில் ஞாயிறு இருக்கிறது, தீபாவளி இருக்கிறது, பிறந்தநாள்கூட இருக்கிறது. ஒன்றிலும் காய்ச்சல் இல்லை. பேன் சீவும் நாள் இல்லை. முதல் மாதவிலக்கு வரும் நாள் இல்லை. நீதிமன்றம் பங்கு பிரிப்பது நல்ல நாட்களை. மற்ற நாட்கள் சொல்லாமலே தாயின் கணக்கில் விழுகின்றன. விழுவதால் அவளுக்கு எந்த அதிகாரமும் கூடுவதில்லை.

உழைப்பால் என்ன வருகிறது என்ற என் கேள்விக்கு இங்கேதான் ஒரு விடை கிடைத்தது. காய்ச்சல் நாட்களில் கூட இருந்தவருக்குப் பிள்ளை சொந்தமாகாது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரியும். எந்த மாத்திரையைத் துப்பும், எந்தப் பொய்யை எந்தக் குரலில் சொல்லும், எப்போது பேசாமல் விட வேண்டும் என்று தெரியும். தெரிந்தவருக்குப் பதில் சொல்லும் கடமை வருகிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் கையெழுத்தும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இந்த வாதம் தகப்பனுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. அவனும் காய்ச்சல் நாட்களில் உட்கார்ந்தால் அவனுக்கும் தெரியும், அவனுக்கும் வாய் உண்டு. திறக்கட்டும் என்றே சொல்வேன். பெண்களாகிய நாம் இவ்வளவு நாள் கேட்டது அதைத்தானே.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண் ஒருத்தி இந்தக் கேள்வியை என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தாள். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயது மகள் இவளிடம். தகப்பன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணிவரை ஒரு கோயில் மண்டபத்தில் அவர் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு. ஐந்து மாதமாக ஜீவனாம்சம் வரவில்லை. “காசு குடுக்க வக்கில்ல, கொழந்த மட்டும் வேணுமா டீச்சர்? இந்த ஞாயித்துக்கெழம அனுப்ப மாட்டேன். பாக்கிய வெச்சிட்டுக் கூட்டினு போவட்டும்.”

சட்டம் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. பாக்கி ஜீவனாம்சத்துக்குத் தனி வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 144. தராதவர்மேல் வாரண்ட் வாங்கலாம். பிள்ளையை அனுப்பாமல் விட்டால் நீதிமன்றத்தை மீறியவள் என்று அவள் பெயர்தான் கெடும். இதெல்லாம் வக்கீலும் சொல்லியிருப்பார். அவள் என்னிடம் கேட்டது வேறு: அனுப்பாமல் இருப்பது தப்பா?

அடி உதை, குழந்தைமேல் கை வைப்பது போன்ற பயம் இருந்தால் அனுப்பாதே, அன்றைக்கே கோர்ட்டுக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. மகளுக்கு அப்பாவைப் பார்க்க ஆசைதான். எனக்கு எங்கள் ஊரின் பழைய கதை ஞாபகம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய வீடுகள் இந்தத் தெருவிலேயே இருந்தன. கடன் தீரும்வரை கோர்வைக்குக் கரை நாடா தள்ளும் இரண்டாவது ஆள் அந்தப் பிள்ளைதான். நான் அதைச் சொல்லும் முன்பே அவள் சொன்னாள்: “எங்கம்மாவ எட்டு வயசுல இரண்டாயிரம் ரூபாய்க்கி தறியில உக்கார வெச்சாங்களாம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “பாக்கிக்கிப் பிள்ளைய நிறுத்தி வெச்சா அதுவும் அதான், இல்ல?” என்றாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் கோபம் நியாயமானது, அந்த நியாயத்தைக் குழந்தையின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வசூலிக்க முடியாது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அனுப்பினாள். கூடவே பாக்கிக்கு மனுவும் போட்டாள். அதோடு சந்திப்பு உத்தரவை மாற்றக் கேட்டு இன்னொரு மனு. கோயில் மண்டபத்தில் மூன்று மணிநேரம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று நாங்கள் இருவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். ஒன்று, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மகள் தகப்பன் வீட்டில் தங்கி, அங்கேயே வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். இரண்டு, பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மாற்றி மாற்றிப் போக வேண்டும். மூன்று, பள்ளியிலும் மருத்துவமனையிலும் தாயின் கையெழுத்து மட்டுமே போதும் என்று உத்தரவில் சொல்ல வேண்டும். நான்கு, மகளுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் தகப்பனும் முறை வைத்து லீவு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல் நான்காவதைப் படித்துச் சிரித்துவிட்டார். இப்படி ஒரு பரிகாரம் யாரும் கேட்டதில்லை மேடம் என்றார். இருக்கட்டும், டைப் அடியுங்கள் என்றேன். மனு எண்ணாகி, போன மாதம் விசாரணைக்கு வந்தது. முதல் மூன்றுக்கும் ஆட்சேபம் இல்லை என்று எதிர்மனுதாரர் தரப்பு சொல்லிவிட்டது. நான்காவதற்கு மட்டும் எதிருரை தாக்கல் செய்ய வாய்தா கேட்டிருக்கிறார்கள்.